ஓட்டின்மேல் ஒரு தொழில்

கல்லூரியை விட்டு நீங்கிய நம்மவருட் பலர் உத்தியோகத்தை நாடினர். யாம் ஏணியை நாடினோம். ஓட்டுக்கூரை துலக்குவது எமது தொழில் என்றால் இன்றும் சிலர் நகைப்பர். நகைப்பவர் வீட்டுக் கூரையிலும் பாசி உண்டு.

இத்தொழிலில் விலை கூறுதல் எளிது. நம்பிக்கை பெறுதலே அரிது. வீட்டுக்காரர் மேலே ஏறிப் பார்க்கப் போவதில்லை. ஓடுகள் ஒன்றன்மேலொன்று படியுமிடத்திற் பாசி தங்கி, மாரி நீரை உள்ளே ஈர்த்துச் சலாகையை உக்கச் செய்யும் என்று எவ்வளவு விளக்கினும், "தம்பி, நீங்கள் உடைக்கிற ஓட்டுக்கு ஆர் காசு?" என்பதே முதற் கேள்வி. ஆதலின் ஏறுமுன்னரே உடைந்திருக்கும் ஓடுகளை அவர் முன்னிலையில் எண்ணி எழுதிக் கையொப்பமிடுகின்றோம். பின்பு உடைவது எம் கணக்கு.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், "உங்கட மருந்து என்ர கிணத்துக்கை இறங்காதோ?" என்று வினவினார். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் அது வீண் அச்சமன்று. குளோரின் கரைசலை விடுத்து, நீரும் தும்புத்தடியும் கொண்டே தேய்த்தோம். இரண்டு நாள் வேலை நான்கு நாளாயிற்று, ஆதாயம் ஒன்றுமில்லை. ஆயினும் அவ்வொழுங்கையிலே மேலும் மூன்று வீட்டார் எம்மை அழைத்தனர்.

அஸ்பெஸ்ரஸ் தகடுகளை உலர்ந்தபடியே தேய்க்கச் சொல்வோருக்கு மாத்திரம் மறுத்துவிடுகின்றோம். அத்தூசி நுரையீரலுக்குக் கேடு. எம் பையன்களுக்கும், வீட்டாருக்கும்.

ஐப்பசி மழை பிறந்தபின் ஓடு வழுக்கும். ஆகவே புரட்டாசிக்குள் வேலை முடிதல் வேண்டும். முதல் மழைக்கு மறுநாள், அழையாமலே சென்று ஒழுக்குப் பார்த்து வருகின்றோம். தேநீர் கிடைப்பதும் அன்றுதான்.