கார்த்திகைப் பூ, கௌரி ஹூவு

மைசூர்க்காரர்கள் கௌரி ஹூவு என்று சொல்கிற பூவுக்கு நம்ம பக்கம் கார்த்திகைப் பூ என்று பேர். செங்காந்தள், கலப்பைக் கிழங்கு, எங்கள் தாராபுரம் பக்கத்தில் கண்வலிக் கிழங்கு, எல்லாம் இதே செடிதான். தமிழ்நாட்டின் மாநில மலர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்குகிற பூக்களில் முதலில் நிற்பதும் இதுதான்.

கௌரி பண்டிகை பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின நாள். பெரும்பாலும் ஆவணியில் வரும். கார்த்திகைக்கு இன்னும் மூன்று மாசம் இருக்கும். ஒரே செடிக்கு எப்படி இரண்டு மாசத்துப் பேர்? பி.காம் படித்துவிட்டு பேங்கில் உட்கார்ந்திருப்பவன் கேட்கிற கேள்வி இல்லைதான். ஆனால் அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அப்பா போன பிறகு, காட்டை விற்றுவிட்டு அம்மா எங்களோடு மைசூர் வந்துவிட்டார். வரும்போது மஞ்சப்பையில், காய்ந்த மணலுக்குள் புதைத்து ஒரே ஒரு கிழங்கு. கலப்பை மாதிரி வளைந்தது. முனையில் ஒரு முளைக்குருத்து இருக்கும், அது ஒடிந்தால் அந்தப் பக்கம் முளைக்காது. அதனால் பஸ்ஸில் பையை மடியை விட்டு இறக்கவில்லை. போன வருஷம் மே மாச இடிமழைக்குப் பிறகு பால்கனித் தொட்டியில் முளைத்து, இலை நுனிகளைச் சுருட்டிக் கம்பியைப் பிடித்து ஏறி, ஆவணியில் பூத்தேவிட்டது.

"ஏங்கண்ணு, இது கார்த்திகைலதான பூக்கோணும்? செடிக்கு ஏதாச்சும் நோவா?"

நோவு இல்லை. இந்தச் செடி பஞ்சாங்கம் பார்ப்பதில்லை, மழையையும் சூட்டையும்தான் பார்க்கிறது. கோடையில் மேலே ஒன்றும் இருக்காது. கிழங்கு மட்டும் மண்ணுக்குள் தூங்கும். அப்போது மண் காய்ந்து கிடக்க வேண்டும், ஈரம் பட்டால் அழுகும். பிறகு மண்ணில் சூடு இருக்கும்போதே மழை விழுந்தால் விழித்துக்கொள்ளும். ஏறிப் படர்ந்து பூக்கும் காலத்தில் பகல் 30 டிகிரியை ஒட்டி, ராத்திரி 20-ஐ ஒட்டி, காற்றில் ஈரம். அவ்வளவு போதும்.

மைசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டர் உயரம். தென்மேற்குப் பருவமழை நேராக எட்டிப் பார்க்கும். ஆகஸ்டில் இங்கே பகல் 28, 29, ராத்திரி 20. தாராபுரம் மலை மறைவில் இருப்பதால் அந்த மழை எங்களுக்கு வெறும் காற்றாகத்தான் வரும், அதை வைத்துக் காற்றாலை ஓட்டலாம் :-) எங்கள் மழை வடகிழக்கு, ஐப்பசியில். கார்த்திகையில் அங்கே பகல் 30-ஐ ஒட்டி, ராத்திரி 20, 21. ஆக, தாராபுரத்துக் கார்த்திகையும் மைசூர் ஆவணியும் தெர்மாமீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஜிம்பாப்வேக்கும் இதுவே தேசிய மலர். அங்கே நவம்பரில் மழை தொடங்கிய பிறகு பூக்கும். 1947-ல் இளவரசி எலிசபெத் அங்கே போனபோது இந்தப் பூ வடிவத்தில் வைர ப்ரூச் கொடுத்தார்கள். நம்ம ஊரில் வேலியில் கிடந்த பூ!

வேலியில் கிடந்தவரை அதற்கு ஒரு குறையும் இல்லை. உரம் கேட்காது, மருந்து கேட்காது. விதையில் இருக்கிற கால்ச்சிசினுக்காக (கீல்வாத மருந்து) மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் ஏக்கர் கணக்கில் நட்ட பிறகுதான் அதன் குணம் தெரிந்தது. வேலியில் நாலு கொடி இருக்கும்போது காற்று ஓடும். தோட்டத்தில் கிளுவைக் குச்சியும் கம்பியும் கட்டி நெருக்கமாக ஏற்றிவிட்டால், அடைமழையில் இலை காய நேரமே கிடைக்காது. கருகல் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குத் தாவும், கீழே கிழங்கு அழுகும்.

இன்னொரு சங்கடம், இந்தப் பூவின் சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி, மகரந்தத்தை விட்டு விலகி நிற்கும். தோட்டத்தில் நல்ல காய்ப்பு வேண்டுமானால் காலையில் ஆள்தான் தொட்டு வைக்க வேண்டும். மழை பெய்கிற காலையில் மகரந்தம் கரைந்துபோகும்.

2005 ஐப்பசி மழையைத் தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்பா ஒன்றரை ஏக்கரில், கடன் வாங்கி, கண்வலி போட்டிருந்தார். பூ எடுத்த நேரத்தில் மழை விடவேயில்லை. அம்மா கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு காலையில் காட்டுக்குப் போவார், நனைந்த பூவைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். காய் பிடிக்கவில்லை. கிழங்கு வாங்கின காசே திரும்பவில்லை. அந்தக் கடன் வேறு வேறு பேரில் வளர்ந்து, கடைசியில் காட்டை விற்றுத்தான் அடைந்தது.

பயிர்க்கடன் ஃபைல்களில் இன்றைக்கும் பயிர், ஏக்கர், சர்வே நம்பர் எல்லாம் பார்க்கிறேன். எந்த வாரம் பூக்கும், அந்த வாரம் அந்த ஊரில் மழை எப்படி என்று கேட்க ஃபார்மில் ஒரு கட்டம் கிடையாது. நான் வாயால் கேட்டுக்கொள்கிறேன். விவசாயிகள் கொஞ்சம் வினோதமாகத்தான் பார்க்கிறார்கள்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன், தெர்மாமீட்டர் கணக்கோடு. கேட்டுக்கொண்டார். "அப்ப நம்முளுது ஐப்பசி மழைல மாட்டுன மாதிரி இங்க ஆடி மழைல மாட்டும்" என்றார். எனக்குத் தோன்றாத கேள்வி. தொட்டியைச் சாரல் படாத மூலைக்கு நகர்த்தினோம். குழந்தைக்கு எட்டாத உயரமும் வேண்டும், செடி முழுக்க விஷம்.

எதிர் வீட்டு அம்மாள் கௌரி பூஜைக்கு இரண்டு பூ கேட்டார். அம்மா எண்ணிப் பார்த்து, தொட்டு வைக்காத பூவாக இரண்டு பறித்துக் கொடுத்தார். மீதிப் பூக்களுக்கு தினமும் காலை எட்டரை மணிக்கு, நான் பேங்குக்குக் கிளம்பும் நேரத்தில், மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பால்கனியில் நின்று ஒவ்வொன்றாகத் தொட்டு வைத்தார். நாலு காய் பிடித்தது. கார்த்திகையில் இலை மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்தினோம்.