உடன்பிறந்தாரின் மடல்

பிரிந்து வாழும் உடன்பிறப்புகளுக்குக் கடிதமே முகம், கடிதமே குரல்.

விக்டோரியா அரசியார் காலத்து இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் மேட்டுநிலத்துச் சிற்றூர் ஹாவர்த். அவ்வூர்ப் பாதிரியாரின் புதல்வியரே எழுத்தாளர்களான சார்லட் பிராண்டேயும் எமிலி பிராண்டேயும். 1843-ஆம் ஆண்டில் மூத்தவர் சார்லட் பிரஸ்ஸல்ஸ் நகரப் பள்ளியொன்றில் ஆசிரியை, எமிலி ஊரிலிருந்தார். கோடை விடுமுறையில் மாணவியர் சென்றுவிடவே, தனிமை சார்லட்டை வாட்டிற்று. செப்டம்பர் 2-ஆம் நாள் தங்கைக்கு மடல் வரைந்தார். புராட்டஸ்டண்டுப் பாதிரியாரின் மகளான தாம், கத்தோலிக்கப் பேராலயத்தினுள் சென்று பாவசங்கீர்த்தனம் செய்ததை அதில் மறைக்காமல் எழுதினார். தந்தையாரிடம் இதனைக் கூறாதிருப்பது நலம் என்றும் வேண்டினார். தந்தையிடம் உரைக்க இயலாததைத் தங்கையிடம் அமானிதமாக ஒப்படைத்தார்!

எமிலியின் மறுமொழி நமக்குக் கிட்டவில்லை. அவர் எழுதிய கடிதங்களுள் எஞ்சியவை மிகச் சிலவே. அவையும் சார்லட்டின் தோழிக்கு எழுதிய சிறு குறிப்புகள். 1848 டிசம்பர் 19-ஆம் நாள், முப்பதாம் வயதில் எமிலி மறைந்தார்.

இதனைப் படித்தபோது என் நெஞ்சு உறுத்திற்று. மர்ஹூமாகிவிட்ட என் லாத்தா எழுதிய கடிதங்களை, மறுமொழி எழுதிய கையோடு கிழித்துவிடுவது என் வழக்கம். அவர் சொன்ன செய்திகள் நினைவிலுள்ளன. அவர் கையெழுத்து என்னிடம் இல்லை. அன்பர்களே, உடன்பிறந்தாரின் மடல்களைக் காத்து வையுங்கள்.