கேப்டன் யாருன்னு யாரைக் கேட்பது?

ஐயங்கார்குளத்தில் கால்பந்து பேச ஆள் தேடணும். மூணு பேர் கூடினா கிரிக்கெட்தான். ஆனாலும் ஃபேன்டஸி பிரீமியர் லீக் ஆடுறவங்க ஊருக்குள்ளயே நாங்க நாலு பேர், கிளாஸில் இன்னும் பத்து பேர். ஆகமொத்தம் 14 பேருக்கு ஒரு மினி லீக்.

ஆடத் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா: 100 மில்லியன் பவுண்ட் கற்பனைப் பணத்தில் 15 வீரர்கள், ஒரு கிளப்பில் மூணு பேருக்கு மேல் கூடாது, கேப்டனுக்கு இரட்டைப் புள்ளி. ஆட்டம் இலவசம். சிக்கல் எங்கேன்னா, யாரை எடுக்கணும்னு சொல்ல ஆயிரம் சைட், ஆயிரம் யூட்யூப் சேனல்.

நான் முதலில் பார்ப்பது தேதி. 2025-26 சீசனில் விதி மாறிடுச்சு. டிஃபெண்டர் ஒரே மேட்சில் கிளியரன்ஸ், பிளாக், இன்டர்செப்ஷன், டேக்கிள் எல்லாம் சேர்த்து 10 செய்தால் 2 புள்ளி. மிட்ஃபீல்டருக்கு, பந்தை மீட்டதையும் கூட்டி, 12 வேணும். அதுவரை டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரை எடுப்பது காசைக் கரைப்பதுதான். அந்தக் காலத்து வீடியோக்கள் இன்னும் அதையேதான் சொல்லிட்டிருக்கு.

அடுத்து, காரணம். "போன வாரம் ரெண்டு கோல், உடனே எடுங்க"ன்னு சொல்ற கைடை அங்கேயே மூடிடுவேன். எத்தனை நிமிஷம் ஆடுறான், பெனால்டி யார் அடிக்கிறா, எக்ஸ்ஜி எவ்வளவு? எக்ஸ்ஜி என்பது ஒரு ஷாட் கோலாக எவ்வளவு வாய்ப்புன்னு சொல்ற எண், பெனால்டிக்கு 0.8-ஐ ஒட்டி வரும். அண்டர்ஸ்டாட் தளத்தில் இதை இலவசமாவே பார்க்கலாம். ப்ராபபிலிட்டி பேப்பரைப் பார்த்து ஓடுற நம்ம பசங்க இங்கே மட்டும் தசமப் புள்ளி விடாம பேசுவாங்க, அது தனிக் கதை.

நல்ல கைடா இருந்தாலும் அப்படியே காப்பி அடிச்சா பிரயோஜனம் இல்லை. 14 பேரில் 11 பேர் ஹாலண்டைக் கேப்டன் ஆக்கினா, அவர் ஹாட்ரிக் அடிச்சாலும் அந்த 11 பேருக்குள்ள இடைவெளி மாறாது. மேலே ஏறணும்னா மத்தவங்ககிட்ட இல்லாத ஒருத்தன் வேணும். அதுக்கு டேட்டாவை நாமதான் படிக்கணும்.

காசு கேட்கிற கைடு பத்திக் கொஞ்சம் கோபமாவே சொல்றேன். எங்க தெரு அண்ணன் ஒருத்தர், ஐபிஎல் சமயத்தில் "இன்றைய வின்னிங் டீம்" விற்கிற ஒரு சேனலுக்கு மாசாமாசம் பணம் கட்டினார். அந்த டீமை வெச்சுக் காசு போட்டும் ஆடினார். தங்கச்சியோட செமஸ்டர் ஃபீஸுக்கு எடுத்து வெச்ச பணமும் அதில் போச்சு. அவங்க அம்மா சங்கத்தில் கடன் வாங்கித்தான் கட்டினாங்க. அந்த வியாபாரம் ரொம்ப சிம்பிள்: அஞ்சு குரூப்புக்கு அஞ்சு வேற டீம் அனுப்பினா ஏதாவது ஒண்ணு நல்லா வரும், அந்த ஸ்கிரீன்ஷாட்தான் மறுநாள் விளம்பரம். தோத்த நாலு டீமையும் காட்டுற சேனலை நான் இதுவரை பார்க்கலை. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து நாடாளுமன்றம் சட்டம் போட்டதும் ட்ரீம்11 தன் கட்டணப் போட்டிகளை நிறுத்திடுச்சு. டீம் விற்கிற ஆசாமிகள் வேற பேரில் வந்துட்டுத்தான் இருக்காங்க.

கடைசியா, எந்த கைடும் நமக்காகச் சொல்லாத ஒண்ணு. டெட்லைன் முதல் மேட்சுக்கு 90 நிமிஷம் முன்னாடி. சனிக்கிழமை மதிய மேட்ச்னா நமக்கு 3.30 மணி. அக்டோபர் கடைசி ஞாயிறு இங்கிலாந்தில் கடிகாரத்தைப் பின்னாடி தள்ளினதும் அது 4.30 ஆகிடும். லேப் முடிச்சு பஸ் ஏறினாலும் கேப்டனை மாத்த நேரம் இருக்கும்.