பி.ஆர். அட்டையும் தலைக்கட்டு வரியும்

எங்கள் பக்கம் பி.ஆர். என்றாலே குடியுரிமை என்றுதான் பேசுகிறார்கள். ‘பயலுக்குச் சிங்கப்பூர் குடியுரிமை கெடச்சாச்சு’ என்று கல்யாண வீட்டில் ஒருவர் சொன்னால் போதும், பெண் கொடுக்க நாலு பேர் வந்துவிடுவார்கள். உண்மையில் அது அந்த நாட்டில் நிரந்தரமாகத் தங்கி வேலை பார்க்க ஓர் அனுமதி. பாஸ்போர்ட் இந்தியாவுடையதுதான். அங்கே ஓட்டு கிடையாது. சிங்கப்பூரில் குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு அட்டை, பி.ஆர்.காரர்களுக்கு நீல அட்டை. அந்த நீல அட்டையை 12 வருடம் சட்டைப் பையில் வைத்திருந்தேன். 2022 ஜூனில் குடும்பத்தோடு அதை ஒப்படைத்துவிட்டு நாங்குநேரிக்கு வந்து சேர்ந்தோம்.

அதன்பிறகு சிங்கப்பூர், கனடா, அமெரிக்கா என்று பல இடங்களிலிருந்து சொந்தக்காரர்களும் கூடப் படித்தவர்களும் போன் செய்கிறார்கள். எல்லோரும் ஒன்றைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள்: ‘விவசாயத்துல பிழைக்க முடியுதா?’ அது இரண்டாவது கேள்வி என்பது என் எண்ணம். முதல் கேள்வி, நாம் வந்தால் ஊரில் யாருடைய இடத்தில் உட்காரப் போகிறோம் என்பது.

ஏர்வாடிக்காரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவுக்குத் தெரு வளைகுடா நாடுகளில் வேலை பார்த்தவர்கள். அங்கே நம் ஆட்களுக்கு நிரந்தரம் என்ற பேச்சு அநேகமாக இல்லை. விசா முடிந்தால் திரும்ப வேண்டும் என்று போகும்போதே தெரியும். அதனால் மனைவி, பிள்ளைகள், வீடு, வயல் எல்லாம் ஊரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். பி.ஆர். வாங்கியவன் கதை வேறு. அவன் திரும்புவதற்குத் தேதி இல்லை. அடுத்த வருடம், பிள்ளை இந்த வகுப்பை முடிக்கட்டும், வீட்டுக் கடன் தீரட்டும் என்று தள்ளிக்கொண்டே போகலாம். அப்படித் தள்ளுகிற காலமெல்லாம் ஊரில் அவன் நிலத்தை யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

முந்தைய தலைமுறைக்கு இப்படி யோசிக்க நேரமே கிடைக்கவில்லை. என் தாத்தாவின் அண்ணன் மலாயாத் தோட்டத்தில் இருந்தவர். குடியுரிமை எடுக்காமல் சிவப்பு அட்டையோடு காலத்தை ஓட்டியவர். குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பார்க்கத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்று 1968-ல் மலேசியாவில் சட்டம் வந்தது. ஆயிரக்கணக்கான தமிழர்கள் மூட்டை கட்டினார்கள். அவரும் ரஜுலா கப்பலில் வந்து இறங்கினார். இங்கே அவர் பங்கு நிலம் யார் யார் கையிலோ போயிருந்தது. கடைசி வரை அண்ணன் தம்பிகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லாமலே போய்ச் சேர்ந்தார். அவரைத் துரத்தியது சட்டம். நாங்கள் யாரும் துரத்தாமல் வந்தவர்கள். அதனால் வருகிற முறையை நாங்களே தீர்மானிக்க முடிந்தது.

2004-ல் நான் கப்பல் பட்டறை வேலைக்குப் போனேன். 2010-ல் பி.ஆர். கிடைத்தது, மகனும் அதே வருடம் பிறந்தான். உட்லண்ட்ஸில் அரசு அடுக்குமாடி வீடு ஒன்றைக் கைமாற்றில் வாங்கினோம். மனைவி பாலர் பள்ளியில் ஆசிரியை. 2019-ல் அப்பா தவறினார். அம்மா தனியாக இருந்தார். அதற்கு அடுத்த வருடம் கொரோனா வந்து, இரண்டு வருடம் அம்மாவின் முகத்தைப் போனில் மட்டும் பார்த்தோம். ‘எய்யா, நீ வான்னும் சொல்லமாட்டேன், வராதன்னும் சொல்லமாட்டேன்’ என்பார். வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மகன் விஷயம்தான் வீட்டில் பெரிய விவாதம். சிங்கப்பூரில் பெற்றோர் வழியாகப் பி.ஆர். ஆன ஆண் பிள்ளைகள், குடிமக்களின் பிள்ளைகளைப் போலவே 18 வயதில் தேசிய சேவைக்குப் போக வேண்டும். இரண்டு வருடம் முழுநேரம், அதற்குப் பிறகும் பல வருடங்கள் ஆண்டுக்குச் சில நாள் பயிற்சி. பதினாறரை வயதிலேயே பதிவுக்கு அழைப்பு வந்துவிடும். சேவை செய்யாமல் பி.ஆரை விட்டுவிட்டால், பின்னாளில் அங்கே படிக்கவோ வேலைக்கோ விண்ணப்பிக்கும்போது அது அவனுக்கு எதிராகக் கணக்கில் வரும். ஆக, 12 வயதுப் பையனுக்காக நாங்கள் மூடுகிற கதவு, அவன் 25 வயதில் தட்டும்போது திறக்காமல் போகலாம். ‘உங்க வயலுக்காகப் பிள்ளை வாய்ப்பை எடுக்கலாமா?’ என்று மனைவி கேட்டாள். அவள் களக்காட்டுக்காரி, வயல் தெரியாதவள் இல்லை. இரண்டு வருடம் பேசினோம். பிள்ளைக்கு வயது ஏற ஏற முடிவு எடுப்பது கடினமாகும் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. அதனால்தான் 2022.

நிலத்துக்கு வருகிறேன். பலருக்குத் தெரியாத ஒரு விதி இருக்கிறது. வெளிநாட்டில் வசிப்பவர், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், இங்கே விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது. தானமாகவும் பெற முடியாது. வாரிசாக வந்து சேர்வது செல்லும். விற்பதானாலும் இந்தியாவில் வசிப்பவருக்குத்தான் விற்கலாம். அப்பா உயிரோடு இருந்தபோது நஞ்சையை என் பேருக்குத் தானசெட்டில்மென்ட் எழுதிவிடுகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். வேண்டாம், நான் அங்கே இருக்கும்வரை அது செல்லாது என்று தடுத்துவிட்டேன். அவர் காலத்துக்குப் பிறகு வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அம்மா, தூத்துக்குடியில் இருக்கும் அக்கா, நான் மூன்று பேர் பெயரிலும் பட்டா மாற்றினோம். பெண் பிள்ளைக்குச் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தாகிவிட்டது. இன்னும் அக்கா தங்கச்சியிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு சேலையை எடுத்துக் கொடுத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது நடக்கவில்லை. அக்கா பங்குக்கு வருடா வருடம் நெல் போகிறது. ஊரோடு வந்து தங்கியவனுக்கு இந்தத் தடை இல்லை, அப்போது நிலம் வாங்கலாம். கனடா, அமெரிக்கா என்று அந்நியக் குடியுரிமை எடுத்துவிட்டவர்களுக்கு, ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் விவசாய நிலம் வாங்க முடியாது. பி.ஆரோடு நிற்பதற்கும் குடியுரிமை எடுப்பதற்கும் ஒரு விவசாயி வீட்டுக்கு உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

இனி யாருடைய இடம் என்ற விஷயம். அப்பாவுக்குப் பிறகு எங்கள் 2 ஏக்கர் 40 சென்ட் நஞ்சையைச் சித்தப்பா மகன் வாரத்துக்குப் பார்த்து வந்தான். எழுத்து எதுவும் இல்லை, வாய்ப்பேச்சுதான். தானே உழுது, தானே நட்டு, மடைக்கு ராத்திரியில் காவல் இருந்து மூன்று வருடம் பயிர் செய்தவன். அப்படித் தன் உடலுழைப்பால் சாகுபடி செய்கிறவரை நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது என்று 1955-ஆம் வருடத்துச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும், நான் விமானத்தில் வந்து இறங்கிய அன்று அவன் வீட்டு அடுப்பில் கை வைப்பது எப்படி நியாயமாகும்? ‘அண்ணன் வாராருன்னா எனக்குச் சந்தோஷந்தான்’ என்று சொன்னான். அவன் வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைத்தான் நான் கணக்கில் எடுத்தேன். கிளம்புவதற்கு ஒரு வருடம் முன்பே அவனிடம் பேசி, நல்ல மடைப் பாய்ச்சல் உள்ள ஒரு ஏக்கரை அவனிடமே விட்டு, இந்த முறை எழுத்து போட்டோம். மீதியை நான் எடுத்துக்கொண்டேன். இப்போது டிராக்டர் கூலி, நடவு ஆள், கதிர் அறுக்கும் மெஷின் எல்லாம் இருவரும் சேர்ந்துதான் பேசுகிறோம்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. சிங்கப்பூரில் பி.ஆர். ஆனவர் சம்பளத்தில் மத்திய சேமநிதிக்கு, முதல் இரண்டு வருடம் போக, 55 வயது வரை 20 சதவீதம் அவரிடமிருந்தும் 17 சதவீதம் நிறுவனத்திடமிருந்தும் போகும். பி.ஆரை விட்டு, நிரந்தரமாகக் கிளம்புகிறவர் அதை முழுதாக எடுத்துக்கொள்ளலாம். வீடு வாங்கச் சேமநிதியிலிருந்து எடுத்திருந்தால், வீட்டை விற்கும்போது அது வட்டியோடு நிதிக்கே திரும்பிப் போய்ப் பிறகு கைக்கு வரும். கிளம்பும் முன் நிறுவனம் வரிக் கணக்கை முடிக்கும். அதுவரை கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைப்பார்கள், அதற்குத் தக்கபடி கையில் செலவுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே வந்ததும் வெளிநாடுவாழ் இந்தியர் கணக்கை வங்கியில் சொல்லி மாற்ற வேண்டும். அமெரிக்க பச்சை அட்டைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்கட்டும்: அட்டை கையில் இருக்கும்வரை உலகத்தில் எங்கே வந்த வருமானத்துக்கும் அங்கே கணக்குக் காட்ட வேண்டும். இந்தியாவில் வரி இல்லாத விவசாய வருமானமும் அதில் அடக்கம்.

தொகை வரப்போகிறது என்ற செய்தி எங்களுக்கு முன்பே ஊருக்கு வந்துவிட்டது. தரகர்கள் வரிசை. கன்னியாகுமரி நெடுஞ்சாலை ஓரம் இடம், மூன்றடைப்புப் பக்கம் தோட்டம், கிணற்றோடு புஞ்சை. முதல் ஒரு வருடம் ஒரு சென்ட்கூட வாங்குவதில்லை என்று நானும் மனைவியும் அங்கேயே பேசி முடித்திருந்தோம். பெரும்பகுதியை வைப்பில் போட்டோம். வீட்டுச் செலவு, பள்ளிக் கட்டணம் எல்லாம் அந்த வட்டியில்தான் ஓடுகிறது. கிணறு தூர் எடுத்தது, வேலி, மோட்டார் இவ்வளவுதான் நிலத்துக்குப் போனது. இதைச் சொல்லாமல் ‘சிங்கப்பூர் வேலையை விட்டு விவசாயத்தில் சாதனை’ என்று போட்டோவோடு போட்டால் படிக்கிறவர்களை ஏமாற்றுவதாகும். எனக்கு வயல் சோறு போடுகிறது, சம்பளம் போடவில்லை.

சம்பளம் போடாததற்குக் காரணம் தண்ணீர். தாமிரபரணி என்றதும் வெளியூர்க்காரர்கள் அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பச்சையை நினைத்துக்கொள்கிறார்கள். நாங்கள் ஆற்றங்கரைக்காரர்கள் இல்லை, குளத்துக்காரர்கள். மணிமுத்தாறு அணை 118 அடியை நெருங்கினால்தான் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு முகம் மலரும். நாலாவது ரீச்சில் தண்ணீர் விட்டு, அது குளம் குளமாக நிரம்பி வந்து சேர்வதற்குள் நாற்று முற்றிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை கைகொடுத்தால் பிசானம் உண்டு. இல்லாவிட்டால் உளுந்தோடு சரி. நல்ல வருடத்தில் அம்பை 16 நெல் எனக்கு ஏக்கருக்கு 28 மூடை கண்டது. மாமனார் ஊரான களக்காட்டில் ஏத்தன் வாழை நிற்பதைப் பார்த்து ஆசைப்பட்டு, தண்ணீர்க் கணக்குப் பார்த்து விட்டுவிட்டேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறக்க முடியாது. நட்டு ஒரு மாதமான பயிர். எங்கள் குளத்துக் கரை ஓரிடத்தில் அரிக்கத் தொடங்கியது. ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைத் தட்டி, ‘ஏ, சாக்கு எத்தனை கெடக்கு? எடுத்துட்டு வா’ என்றார்கள். விடிய விடிய மண் மூடை அடுக்கினோம். கரை நின்றது. கீழ்வயல்களில் மணல் ஏறியது ஏறியதுதான். என்னுடையதில் 60 சென்ட், தம்பி வயலில் கொஞ்சம். நான் சிங்கப்பூரில் இருந்த 18 வருடத்தில் எத்தனையோ புயல் மழை வந்தது. போன் போட்டுக் கேட்டால் ‘ஒண்ணுமில்ல, எல்லாரும் நல்லாருக்கோம்’ என்ற ஒரே பதில்தான் வரும். உதவிக்கு எட்டாதவனிடம் யார் உண்மையைச் சொல்வார்கள்?

கோயில் கொடையிலும் இதே வித்தியாசம்தான். வெளிநாட்டில் இருந்தவரை என் பேர் நன்கொடைப் பட்டியலில் இருந்தது. மைக்கில் வாசிப்பார்கள், நோட்டீஸில் ‘சிங்கப்பூர்’ என்று அடைப்புக்குறியோடு போடுவார்கள். தொகையை என் இஷ்டத்துக்குக் கொடுக்கலாம். ஊரில் குடியிருக்கிற வீடுகளுக்கு மட்டும் தலைக்கட்டு வரி. அது எல்லோருக்கும் ஒரே தொகை, மைக்கில் வாசிக்கமாட்டார்கள், கொடுக்காவிட்டால் கேட்பார்கள். 2023 கொடைக்கு முதல்முறையாக வரி நோட்டில் பேர் ஏறியது. அந்த நோட்டில் பேர் இருப்பவன்தான் கால்வாய் மராமத்துக் கூட்டத்தில் வாய் திறக்க முடியும். நன்கொடை கொடுத்தவன் கருத்துச் சொன்னால் சிரித்துக்கொண்டு கேட்பார்கள், அவ்வளவுதான்.

மனைவியின் கணக்கு இன்னும் நேராகவில்லை. அங்கே அவளுக்கென்று சம்பளம், தனி சேமநிதி, பஸ் ஏறினால் போகிற சுதந்திரம். இங்கே தனியார் பள்ளியில் கேட்டுப் பார்த்தாள், சொன்ன சம்பளம் போக்குவரத்துக்கே சரியாக இருந்தது. இப்போது வீட்டிலேயே தெருப் பிள்ளைகள் பதினைந்து பேருக்கு மாலையில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறாள். சந்தோஷமாக இருக்கிறாயா என்று நான் கேட்பதில்லை. கேட்டால் உண்மையான பதில் வரும் என்று தெரியும். குடும்பத்தோடு திரும்ப நினைக்கிறவர்கள், ஆணுக்கு ஊர் கிடைக்கிறபோது பெண்ணுக்கு என்ன போகிறது என்பதையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும்.

மகன் இப்போது பத்தாம் வகுப்பு. தமிழில் பின்தங்குவான் என்று பயந்தோம். உட்லண்ட்ஸ் பள்ளியிலும் தமிழ்தான் இரண்டாம் மொழி என்பதால் சமாளித்துவிட்டான். கணக்குதான் ஒரு வருடம் படுத்தியது. அவனோடு அங்கே படித்த பையன்களுக்கு இனி தேசிய சேவைப் பதிவுக் கடிதம் வரத் தொடங்கும். போன வாரம் போனில் அவர்களோடு பேசிவிட்டு வந்து, ‘அப்பா, நான் பெரியவனானதும் திரும்ப அப்ளை பண்ணினா தருவாங்களா?’ என்று கேட்டான். சட்டம் என்ன சொல்கிறதோ அதை அப்படியே சொன்னேன். கேட்டுவிட்டு மோட்டாரை அணைக்கப் போனான்.