ஐரோலோவுக்கு ஒருநாள் கோச்சிப் பயணம்

விடுமுறை நாள் என்றால் எம்மவர் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு காரியம்தான் நடக்கும். கிழமை முழுவதும் விட்ட நித்திரையைக் கொள்வோம். இல்லையென்றால் கொண்டாட்ட வீடுகளுக்குப் போய் வருவோம். "சுவிசைச் சுற்றிப் பார்க்க நாங்கள் என்ன உல்லாசப் பயணிகளோ?" என்று கேட்பவர்களும் உண்டு. இங்கு புதிதாகக் குடியேறியிருக்கும் குடும்பங்களுக்காக எங்கள் ஒருநாள் பயணத்தை எழுதுகிறோம்.

எங்கள் மூத்தவன் நாலாம் வகுப்பு. "நீங்கள் வெளிநாட்டுக்காரர், எங்கட நாட்டுக்கு என்ன செய்தீர்கள்?" என்று வகுப்பில் ஒரு பொடியன் கேட்டுவிட்டான். வீட்டுக்கு வந்து அதே கேள்வியை எங்களிடம் கேட்டான். அன்றிரவு எங்களிடம் சரியான பதில் இருக்கவில்லை. எங்களோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் இத்தாலியர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். அவருடைய தகப்பனார் கட்டட வேலைக்கு வந்தவர். "பிள்ளையை ஐரோலோவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

லுசேர்னிலிருந்து 'திரேனோ கொத்தார்தோ' என்னும் புகையிரதத்தில் ஏறினோம். 2020 டிசம்பரிலிருந்து பழைய மலைப்பாதை வழியாக ஓடும் வண்டி இது. வேகமான வண்டிகள் புதிய சுரங்கத்தால் போய்விடும். அவற்றில் போனால் மலை எதையும் காணமுடியாது.

எங்கள் வயதுக்காரருக்குக் கோச்சி என்பது கேள்விப்பட்ட பொருள்தான். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியைப் பற்றி அம்மா அப்பா சொல்லக் கேட்டிருக்கிறோம். 1990இல் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் நின்றுபோனது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பங்கருக்குப் போயின. 2014இல் மீண்டும் கோச்சி வந்தபோது நாங்கள் அங்கு இல்லை. ஆகவே யன்னலோரத்தில் இருக்கப் பிள்ளைகளோடு நாங்களும் போட்டி போட்டதில் வியப்பில்லை.

புறூணனைத் தாண்டியதும் பாதை ஏரிக்கரையோடு போகிறது. எதிர்க்கரையில் றுட்லிப் புல்வெளி. 1291இல் மூன்று பகுதி மக்கள் அங்கு கூடிச் சத்தியம் செய்ததில்தான் சுவிஸ் தொடங்கியது என்பது இந்நாட்டார் மரபு. ஓகஸ்ட் முதலாம் திகதி வெடி கொளுத்துவது அதை நினைத்துத்தான்.

ஏர்ஸ்ட்பெல்ட் நிலையம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 470 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கோஷெனன் 1100 மீற்றருக்கு மேல். செங்குத்தாகப் புகையிரதம் ஏறாது. அதனால் பாதை மலைக்குள்ளேயே வளைந்து சுற்றி மேலே வருகிறது. வாசன் என்ற ஊரின் வெள்ளைத் தேவாலயம் முதலில் தலைக்கு மேலே தெரிந்தது. பிறகு நேரே தெரிந்தது. மூன்றாம் முறை எங்களுக்குக் கீழே கிடந்தது. சின்னவள் மூன்று தேவாலயம் என்றே எண்ணிவிட்டாள்.

கோஷெனனில் பெரிய சுரங்கம் தொடங்குகிறது. நீளம் 15 கிலோமீற்றர். நாங்கள் ஏறக்குறைய பத்து நிமிடத்தில் கடந்தோம். அதைக் குடையப் பத்து வருடம் எடுத்தது: 1872 முதல் 1882 வரை. குடைந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் இத்தாலியின் ஏழைக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். உள்ளே 30 பாகைக்கு மேல் வெக்கை, வெடிமருந்துப் புகை, முழங்கால் தண்ணீர். சுரங்கத்துக்குள் மட்டும் ஏறக்குறைய 200 பேர் விபத்தில் இறந்தார்கள். கொக்கிப்புழு நோயால் இரத்தம் வற்றி விழுந்தவர்கள் இன்னும் பலர். ஊரில் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் பூச்சிக் குளிசை தந்ததும் இப்படிப்பட்ட புழுக்களுக்குத்தான். 1875இல் தொழிலாளர் கோஷெனனில் வேலைநிறுத்தம் செய்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் செத்தார்கள். வேலையைக் குத்தகைக்கு எடுத்த லூயி பாவ்ர் என்பவரும் 1879இல் சுரங்கத்துக்குள்ளேயே மாரடைத்து இறந்தார். அடுத்த வருடம் இரு பக்கமும் துளை சந்தித்தபோது அவருடைய படத்தைத் தகரப் பெட்டியில் வைத்து முதலில் அதற்குள்ளால் அனுப்பினார்களாம்.

ஐரோலோவில் இறங்கினோம். அங்கு மொழியே மாறி எல்லாம் இத்தாலி. நிலையத்துக்குப் பக்கத்தில் வெண்கலத்தில் ஒரு சிற்பம் இருக்கிறது. இறந்துபோன ஒரு தொழிலாளியைக் கூட வேலை செய்தவர்கள் குனிந்த தலையோடு காவிக்கொண்டு வருகிறார்கள். விஞ்சென்சோ வேலா என்ற சிற்பி, யாரும் கேட்காமலே, தன் மனதால் செய்தது. சுரங்கம் திறந்து 50 வருடமான 1932இல் அதை இங்கே வைத்தார்கள். பெயர் 'உழைப்பின் பலியாட்கள்'.

மூத்தவன் நெடுநேரம் பார்த்தான். "இவையளும் வெளிநாட்டுக்காரரோ அப்பா?" என்று கேட்டான். ஓம் என்றோம். 2016இல் திறந்த 57 கிலோமீற்றர் புதிய சுரங்கத்தைப் பற்றியும் சொன்னோம். அதைக் கட்டும்போது ஒன்பது பேர் இறந்தார்கள். ஜேர்மனியர், இத்தாலியர், ஒஸ்திரியர், தென்னாபிரிக்கர். அந்த ஒன்பது பேரில் ஒருவரும் சுவிஸ் நாட்டவர் இல்லை. அவன் கொப்பியை எடுத்து வருடங்களைக் குறித்துக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் அந்தப் பொடியனுக்கு என்ன சொல்வது என்பதை இனி அவனே பார்த்துக்கொள்வான். நாங்கள் வாங்கிலில் இருந்து மீன் ரோல்சும் தேத்தண்ணியும் சாப்பிட்டோம்.

இனிச் செலவு விபரம். 2024இலிருந்து கிராம, நகர சபை அலுவலகங்களில் மலிவு நாட்சீட்டு விற்கிறார்கள். பத்து நாளுக்கு முன்னரே வாங்கினால் இரண்டாம் வகுப்பு 52 பிராங், அரைக்கட்டண அட்டை வைத்திருப்பவருக்கு 39. நாளை நெருங்கினால் விலை கூடும். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காசில்லை. ஆறிலிருந்து பதினாறு வயது வரை 30 பிராங்குக்கு யூனியர் அட்டை எடுத்தால் தாய் தகப்பனோடு ஒரு வருடம் முழுக்க இலவசம்.

இன்னொன்று. எல்லை தாண்ட அனுமதி இல்லாத அட்டை வைத்திருப்போர் மிலானோ போகும் வண்டியில் ஏறவேண்டாம். நாங்கள் போன வண்டி லொக்கார்னோவில் முடிகிறது. அது சுவிசுக்குள்ளேதான். அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள். சாப்பாட்டைக் கட்டிக்கொள்ளுங்கள், கடையில் வாங்கக் கட்டாது. பிள்ளைகளை யன்னலோரம் இருத்தி, மலையைக் குடைந்தவர் யார் என்று வழியிலேயே சொல்லிக்கொண்டு போங்கள்.