சமோசாக் காசும் கேசட்டும்

இதனை எழுதுவோர் இருவர்; அண்ணனும் தம்பியும். ஒருவர் தில்லியிலும் மற்றவர் பெங்களூரிலும் வாழ்கிறோம். ஞாயிறு இரவுகளில் தொலைபேசியில் பேசிப் பேசி எழுதியது ஆகையால், எந்த வரி எவருடையது என்று நேயர்கள் ஆராயப் புகவேண்டாம். நாற்பது வயதைக் கடந்த இருவர் வீடியோ விளையாட்டைப் பற்றிச் சங்கத்து இதழில் எழுதுவதா என்று முகம் சுளிப்போரும் இருக்கலாம். அவர்கள் வீட்டிலும் ஒரு பையனோ பெண்ணோ இந்நேரம் கைப்பேசியின் மீது குனிந்திருப்பது உறுதி. ஆகவே சற்றுப் பொறுத்துப் படிக்க வேண்டுகிறோம்.

எங்கள் தந்தையார் மாயவரத்துக்காரர்; மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து தில்லிக்கு வந்தவர். இராமகிருஷ்ணபுரத்தில் அரசாங்கக் குடியிருப்பு, இரண்டே அறைகள். 1993-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் அவ்வீட்டுக்கு ஒரு வீடியோ விளையாட்டுப் பெட்டி வந்து சேர்ந்தது. மூத்தவனுக்கு அப்போது வயது 12, இளையவனுக்கு 9. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட ஃபேமிகாம் என்னும் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல்கள் அக்காலத்தில் நம் நாட்டுக் கடைகளில் மலிந்திருந்தன. எங்களுடையதும் அவற்றுள் ஒன்றே. அசலை நாங்கள் கண்ணால் கண்டதில்லை. ஆகவே நகல் என்ற குறையும் தோன்றவில்லை. தொலைக்காட்சியின் குமிழைத் திருகித் திருகிப் படம் தெளிந்த அந்தக் கணத்தின் மகிழ்ச்சி, பின்னாளில் பன்மடங்கு விலை கொடுத்து வாங்கிய எந்தக் கருவியிலும் கிடைக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

பெட்டியோடு ஒரு கேசட் வந்தது. அதில் 9,999 விளையாட்டுகள் இருப்பதாக மேலே அச்சிட்டிருந்தார்கள். இரண்டு நாளில் உண்மை விளங்கிற்று. பத்துப் பதினைந்து ஆட்டங்களே பெயரை மாற்றிக்கொண்டு, வேடதாரிகளைப் போல, திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தன. புதிய ஆட்டம் வேண்டுமெனில் சந்தைக் கடையில் வாடகைக்கு எடுக்க வேண்டும். நாளொன்றுக்குப் பத்து ரூபாய். பள்ளிக்கூடத்தில் சமோசா வாங்கித் தின்னத் தந்தையார் ஆளுக்கு ஒரு ரூபாய் நாள்தோறும் கொடுப்பது வழக்கம். இருவர், ஐந்து நாள். கணக்குச் சரியாகப் பத்து ரூபாய். திங்கள் முதல் வெள்ளி வரை சமோசாவை மறந்தால் சனிக்கிழமை ஒரு கேசட் கைக்கு வரும். மாலையில் வீடு திரும்பியதும் மோர்சாதத்தின் மீது பாய்வோம். வளரும் பிள்ளைகளுக்குப் பசி மிகுதி என்று அம்மா எண்ணிக்கொண்டதாகவே நாங்கள் நம்பியிருந்தோம்.

இவ்வாறு வயிற்றைக் கட்டி எடுக்கும் கேசட்டை எளிதில் தேர்ந்துவிட முடியுமா? கடையில் அரைமணி நேரம் நிற்போம். எங்கள் சுவை உருவானது அங்கேதான். மரியோவின் ஆட்டம் அழகானதே. ஆனால் அதில் ஒருவன் மாண்டால்தான் மற்றவன் முறை வரும். மூத்தவன் எளிதில் மாள மாட்டான். தன் ஐந்து ரூபாய் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்ப்பதற்கா என்று இளையவன் அழுவான். ஆகவே கான்ட்ரா எடுத்தோம். அதில் இருவரும் ஒரே திரையில், ஒரே நேரத்தில், தோளோடு தோள் நின்று போரிடலாம். அருவியின் மீது தாவித் தாவி ஏறும் கட்டம் ஒன்று அதில் உண்டு. முன்னே செல்பவன் விரைந்து ஏறினால் திரை மேலே நகர்ந்துவிடும். பின்தங்கியவன் கீழ் விளிம்பில் சிக்கி மாள்வான். எனவே ஒருவருக்காக ஒருவர் நின்றுதான் ஏற வேண்டும். தன் உயிர்களையெல்லாம் இழந்தவன் மற்றவனுடைய இருப்பிலிருந்து ஒன்றைக் கடன் பெறவும் அந்த ஆட்டத்தில் வழி இருந்தது. பிறகு இருவர் சேர்ந்து ஆடும் ஆட்டமா என்பதே கடையில் எங்கள் முதற் கேள்வியாயிற்று.

அந்த ஆண்டுத் தீபாவளிக்குக் கிடைத்த பணத்தில் ஒரு கேசட்டைச் சொந்தமாகவே வாங்கினோம். அதன் முதுகில் இருவர் பெயரின் முதலெழுத்தையும் பேனாவால் எழுதினோம். மாடி வீட்டுப் பஞ்சாபிப் பையனிடம் அதைக் கொடுத்து அவனுடையதை வாங்கி வருவோம். ஒரு கேசட்டை விலை கொடுத்து வாங்கி ஏழெட்டு ஆடினோம் என்றால் மிகையாகாது.

1999-இல் மூத்தவன் கல்லூரியில் சேர்ந்தான். வீட்டுக்குக் கணினி வந்தது. கேசட் கடைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. நேரு பிளேஸ் நடைபாதையில் குறுந்தட்டுகள் குவிந்து கிடந்தன. அவை திருட்டு நகல்கள் என்பது விற்றவருக்கும் தெரியும். வாங்கிய எங்களுக்கும் தெரியும். அசலின் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை என்பது காரணமாகலாம், நியாயமாகாது. மலிவாய்க் கிடைத்ததனால் தேர்ந்தெடுக்கும் பழக்கமும் போயிற்று. பத்து வாங்கினால் நான்கு பாதியில் நின்றுவிடும். நின்றால் என்ன, அடுத்த தட்டைப் போடு என்னும் அலட்சியம் வந்துவிட்டது.

அக்காலத்தில் நடந்த ஒன்றையும் மறைக்கலாகாது. டியூஷன் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்த பணத்தில் மூத்தவன் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் என்னும் ஆட்டத்தைத் தனக்கென வாங்கி, கணினிக்குக் கடவுச்சொல்லும் இட்டுவிட்டான். தம்பி பத்தாம் வகுப்பில் இருக்கிறான், அவன் படிப்புக் கெடும் என்பது சொன்ன காரணம். உண்மைக் காரணம், தன் பணம் என்ற எண்ணம். இளையவன் கேட்டது ஒரே கேள்வி: “அண்ணா, இதுல என்னோட அஞ்சு ரூபாய் எங்கே?” அதற்கு விடை சொல்ல இயலவில்லை. ஒரே அறையில் படுத்து எழுந்த இருவரும் ஏறத்தாழ இரண்டு மாதம் பேசிக்கொள்ளவில்லை. பின்பு பேசினோம், ஆயினும் சேர்ந்து வாங்குவது அன்றோடு நின்றது.

2005-இல் இளையவன் வேலை கிடைத்துப் பெங்களூர் சென்றான். ஸ்டீம் என்னும் இணையக் கடை 2003-இலேயே தோன்றியிருந்தது. அமெரிக்க டாலரில் விலை போட்டிருந்தவரை தயங்கித் தயங்கியே வாங்கினோம். 2015 நவம்பரில் அது ரூபாயில் விலை சொல்லத் தொடங்கிற்று. கோடையில் ஒரு தள்ளுபடி, குளிர்காலத்தில் ஒரு தள்ளுபடி. நான்கில் ஒரு பங்கு விலைக்கு நல்ல ஆட்டங்கள் கிடைத்தன. திருட்டு நகல் வாங்கிய பாவத்துக்குக் கழுவாய் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு, இளமையில் ஆடியவற்றையெல்லாம் அசலாக ஒருமுறை வாங்கினோம். பிறகு ஆடாதவற்றையும் வாங்கினோம். 2018 டிசம்பரில் எபிக் நிறுவனம் தன் கடையைத் திறந்து ஆட்டங்களை இலவசமாகவே தரத் தொடங்கியது. வியாழக்கிழமை இரவு விளக்கேற்றுவது போலத் தவறாமல் அவற்றை எடுத்து வைத்துக்கொண்டோம். எடுத்ததோடு சரி. வாங்குவதே ஆட்டமாயிற்று, ஆடுவது எப்போதாவது நிகழ்ந்தது.

சுவையும் மாறிவிட்டது. முன்பு விரல் வேகத்தை நாடினோம். இப்போது ஒரு கேள்வி போதும்: நடுவில் நிறுத்தி வைக்க முடியுமா? அலுவலகத்திலிருந்து தொலைபேசி வரும். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும். குழந்தை கணக்குப் புத்தகத்தோடு வந்து நிற்கும். டார்க் சோல்ஸ் என்ற புகழ்பெற்ற ஆட்டத்தை இடையில் நிறுத்தவே முடியாது. அதைத் தள்ளுபடியில் இருவருமே வாங்கி, இருவருமே முதல் அரக்கனிடம் தோற்று, மூடி வைத்தோம். ஸ்டார்டியூ வேலி என்று வயலில் கிழங்கு பயிரிடும் ஆட்டம் ஒன்று 2016-இல் வந்தது. அதில் நாற்பது வயதுக்கு ஏற்ற அமைதி இருக்கிறது. மாயவரத்தில் விற்றுவிட்ட நிலத்தைத் திரையில் மீட்கிறீர்கள் என்று இல்லத்தார் கேலி செய்தார்கள். கேலியில் உண்மை இல்லாமல் இல்லை.

எங்கள் குழந்தைகளின் வழி வேறு. அவர்கள் ஆட்டத்தை விலை கொடுத்து வாங்குவதில்லை. கைப்பேசியில் அது இலவசம். ஆட்டத்துள் அணியும் உடைக்கும் தொப்பிக்கும்தான் பணம் கேட்கிறார்கள். கூட ஆடும் தோழர்கள் முன் பழைய சட்டையோடு நிற்பது எப்படி என்பது அவர்கள் வாதம். 2020 செப்டம்பரில் பப்ஜி தடைசெய்யப்பட்ட அன்று, பீரோவைப் பூட்டிச் சாவியை எடுத்துச் சென்றுவிட்டது போல அழுதார்கள். வெற்று உடைக்கா அழுகை என்று சிரித்தோம். பத்து ரூபாய்க்காகப் பட்டினி கிடந்தவர்கள் சிரிக்கலாமா என்பது பிறகே தோன்றிற்று.

2019-இல் தந்தையார் காலமானார். வீட்டை ஒழித்தபோது அவருடைய கணக்கு நோட்டுகள் கிடைத்தன. அன்றாடச் செலவை அன்றிரவே எழுதிவைப்பவர் அவர். 1993-ஆம் ஆண்டு நோட்டைப் புரட்டினோம். பால், காய்கறி, பஸ், ஊருக்கு மணியார்டர். இவற்றின் கீழ், ‘பையன்கள் கேசட் 2.00’. மறுநாளும் அதே வரி. பக்கம் பக்கமாக அதே வரி. இரண்டு வாரங்களில் மட்டும் ‘பையன்கள் சமோசா 2.00’ என்று இருந்தது. அவை தேர்வு வாரங்கள். நாங்கள் உண்மையாகவே சமோசா தின்ற வாரங்கள்.

அம்மாவைக் கேட்டோம். “கடைக்காரன் அப்பவே உங்கப்பாகிட்ட சொல்லிட்டான். பசங்ககிட்ட கேக்காதேன்னு உங்கப்பாதான் சொன்னார். அதனாலதான் சாயங்காலம் சாதம் கூடவே வடிச்சு வைப்பேன்,” என்றார்.

அன்றிரவு எங்கள் கணக்கையும் பார்த்தோம். நாங்கள் நோட்டு எழுதுவதில்லை; இணையக் கடை எழுதி வைத்திருந்தது. மூத்தவனிடம் 214 ஆட்டங்கள், இளையவனிடம் 171. ஒருவர் படிக்க மற்றவர் ஒப்பிட்டோம். 83 ஆட்டங்கள் இருவரிடமும் இருந்தன. அந்த 83-இல் ஒன்றைக்கூட இருவரும் சேர்ந்து ஆடவில்லை. வாங்கியதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதும் இல்லை.

பிறகு வாங்குவது குறைந்தது. 2023 ஜூலை இறுதியில் வெண்பா என்னும் ஆட்டம் வெளியாயிற்று. கனடாவின் டொரான்டோ நகரத்து விசை கேம்ஸ் செய்தது. 1988-இல் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. தாயின் கிழிந்த சமையற் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு சமைப்பதே ஆட்டம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். தள்ளுபடிக்குக் காத்திராமல் இருவரும் முழு விலைக்கு வாங்கினோம். ஆண்டுகள் பல கழித்து ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு வாங்கியது இதுவே. அம்மா அப்போது பெங்களூரில் இருந்தார். திரையில் இட்லித் தட்டுகளை அடுக்கும் முறை புரியாமல் இளையவன் விழிக்க, தில்லியிலிருந்து மூத்தவன் தொலைபேசியில் ஏதோ யோசனை சொல்ல, அம்மா இருவரையும் விலக்கி, “மாத்தி மாத்தி வைடா, ஆவி போக வேண்டாமா?” என்றார். கதையில் மகன் தமிழில் பேசத் தயங்கும் இடம் வந்தபோது மட்டும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் குழந்தைகளும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

முடிந்தபின், “ஒண்ணையே ஏண்டா ரெண்டு பேரும் வாங்கினீங்க? ஒருத்தன் வாங்கி மத்தவனுக்குக் கொடுக்கக் கூடாதா?” என்று கேட்டார். இது கேசட் அன்று, ஆடுவதற்கான உரிமம் மட்டுமே, பிறர் பெயருக்கு மாற்ற இயலாது என்று விளக்கினோம். “பேர் எழுதி மாடி வீட்டுக்கே கொடுத்தீங்களே,” என்றார்.

2024 செப்டம்பரில் ஸ்டீம் ஒரு குடும்பத்தில் ஆறு பேர் வரை தங்கள் ஆட்டங்களைப் பகிர்ந்துகொள்ள வகை செய்தது. ஆனால் அனைவரும் ஒரே வீட்டில் வாழ்பவராக இருக்க வேண்டும் என்பது விதி. விதியில் தவறில்லை, ஊரெல்லாம் உறவு என்று சொல்லி நம்மவர் எத்தனை பேரைச் சேர்ப்பார்கள் என்பது நமக்குத் தெரியாததா? தில்லிக்கும் பெங்களூருக்கும் இடையே எங்களுக்கு அது பயன்படாது என்று விட்டுவிட்டோம். அம்மா ஆறு மாதம் அங்கும் ஆறு மாதம் இங்குமாக இருக்கிறார். “நான் எந்த வீட்டு ஆள்னு எழுதுவீங்க?” என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறோம் என்றோம்.

இப்போது இருவரும் சேர்ந்து ஆடக்கூடிய ஆட்டமாக இருந்தால் மட்டுமே வாங்குகிறோம்; ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு ஆடுகிறோம். விலையை ஒரு நோட்டில் எழுதிவைக்கிறோம். இந்த மாதத்துப் பக்கத்தில் இதுவரை ஒரு வரியும் இல்லை.