சீனன்குடாவில் ஒரு கரிய சுருட்டு

திருகோணமலைக்குச் சற்று முன்னே வருவது சீனன்குடாப் புகைவண்டி நிலையம். விமானத்தளமும், பிரிட்டிஷார் காட்டினுள் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளும் இவ்வூரின் அடையாளம். 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது, அவற்றுள் ஒன்று தாங்கியொன்றின் மேலேயே வீழ்ந்தது.

இத்தகைய ஊரில் தீக்குச்சி உரசலாமா? ஆகவே உடன்வந்த யாழ்ப்பாணத்து நண்பர் நீட்டிய சுருட்டைக் கொளுத்தாமலே ஆராயத் தலைப்பட்டோம். சுருட்டின் குணத்திற் பாதி நெருப்புக்கு முன்னரே தெரிந்துவிடும்.

மேலிலை நல்ல கறுப்பு. யாழ்ப்பாணத்தார் புகையிலையைத் தென்னம் பொச்சின் புகையிலே பதப்படுத்திக் கோடாவும் சேர்ப்பர். மேனாட்டார் போற்றும் கரிய மேலிலையோ புகை காணாதது. அம்பாரமாய் அடுக்கப்பெற்று, தன் சூட்டிலே நெடுநாள் புழுங்கிக் கறுப்பது. நிறம் ஒன்றாயினும் மணம் வேறு. நம் கையிலிருந்ததில் அடுப்படி வாசம் தூக்கலாக இருந்தது.

விரலால் அழுத்தினோம். ஓரிடம் கட்டி, ஓரிடம் தளர்வு. கட்டியான இடத்தில் புகை இழுபடாது. தளர்ந்த இடம் விரைந்தெரிந்து நாவைச் சுடும். சுற்று மட்டும் வெகு நேர்த்தி. எஞ்சிய சாட்சி சாம்பல். 1887இல் வெளிவந்த கதையில் ஷெர்லக் ஹோம்ஸ் திருச்சிச் சுருட்டைச் சாம்பலைக் கொண்டே கண்டுபிடிக்கிறார்! நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நடுத்தரம் என்று தீர்ப்பளித்தோம்.

மாணவர்கள் முகர்வதோடு நிற்பது நலம். 21 வயது நிரம்பாதோர்க்குப் புகையிலை விற்பதை இலங்கையின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வாய்ப்புற்று பற்றியும் நண்பரிடம் சொன்னோம்.

“உண்மைதான். ஆனால் அப்பா கொட்டிலில் சுருட்டுச் சுற்றித்தான் என்னைப் படிப்பித்தார், ஐயா” என்றார் அவர். நாம் மறுமொழி கூறவில்லை. சுருட்டை வாங்கிச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டார்.